சாப்பாடு உள்ளே, வைன் வெளியே

என் அன்புப் பிள்ளைக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தை அம்மா தன் தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார். வெள்ளைத் தட்டில் பச்சை இறைச்சி. கன்றின் இறைச்சியைக் கத்தியால் பொடியாகக் கொத்தி, ஒலிவ் எண்ணெயும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, அடுப்பையே காட்டாமல் சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ வேலை செய்கிற பியெமொந்தே மலைப்பக்கத்தில் அது பழைய காலத்துச் சாப்பாடாம். கீழே, "அப்பா சாப்பிடுவாரா?" என்று ஒரு கேள்வி. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுப் போனார். சாப்பிடுவேன். அதை ஒரு சொல்லில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நாங்கள் கதைக்கும்போதெல்லாம் நான் இங்கத்தைய குளிரைச் சொல்கிறேன், நீ அங்கத்தைய வெயிலைச் சொல்கிறாய், அதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கிவிடுகிறார். நீ போய் ஏழு கிழமை ஆகிவிட்டது. கடிதத்தில் யாரும் இடையில் புக முடியாது என்பதால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே வாசி.

உனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்த கதையை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மன்னாரிலிருந்து இந்த நகரத்துக்கு வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. பார்க்டேல் பகுதியில் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அவர்களில் ஒருவர், நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஓர் இத்தாலிய உணவகத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். பாத்திரம் கழுவப் போனவன் மூன்றாவது வருடம் அடுப்படிக்கு வந்தேன். அங்கே தலைமைச் சமையற்காரர் தோனாத்தோ. அப்ருட்சோ என்ற மலைப் பகுதியில் பிறந்தவர். இத்தாலியச் சாப்பாடு என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பது அவருடைய கட்சி. அப்ருட்சோச் சாப்பாடு உண்டு, சிசிலிச் சாப்பாடு உண்டு, பியெமொந்தேச் சாப்பாடு உண்டு, இத்தாலிச் சாப்பாடு என்பது விமான நிலையத்தில் விற்கிறது என்பார். மொந்தேபுல்ச்சானோ வைன் வேண்டும் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். தொஸ்கானாவில் அது ஓர் ஊரின் பெயராம், அவருடைய பக்கத்தில் அது திராட்சையின் பெயராம், இரண்டையும் போட்டுக் குழப்புகிறவனுக்கு ஒரு துளியும் ஊற்றக் கூடாதாம். எங்கள் ஆட்களையும் எல்லோரும் ஒன்றாகத்தானே பார்க்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். மன்னாரில் ஒரு மாதிரி, யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரி மீன் குழம்பு வைப்போம் என்று யாருக்குத் தெரியும்?

அங்கே மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, மாலைக் கூட்டம் வருவதற்கு முன் ஒரு மணித்தியாலம் இடைவெளி கிடைக்கும். அப்போது குசினியில் நின்ற எல்லோரும் ஒரு நீட்டு மேசையில் இருந்து சாப்பிடுவோம். மாவைத் தட்டி, கம்பி கட்டிய மரச்சட்டத்தின் மேல் வைத்து உருட்டி வெட்டின சேவை, தக்காளிச் சாறு, சிறிய ஆட்டிறைச்சி உருண்டைகள். அந்தச் சட்டத்துக்குக் கித்தார் என்றே பெயர். மேசையின் நடுவில் ஒரு மண்சாடியில் சிவப்பு வைன் இருக்கும். தோனாத்தோ ஒரு கிளாஸ் குடிப்பார், சாப்பாடு முடியும்போது கிளாசும் முடியும், எழும்பி ஏப்ரனைக் கட்டிவிடுவார். அவருக்கு அது பாண் மாதிரி, உப்பு மாதிரி. எனக்கு அப்படி இருக்கவில்லை. முதல் கிளாசிலேயே தோள் இறங்கி, ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களின் முகங்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும். அந்தத் தூரம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு சாடியில் மிஞ்சியதை நான் முடித்தேன். பிறகு சமையலுக்கு வைத்திருந்த மார்சாலா. அது சிசிலியிலிருந்து வருகிற இனிப்பு வைன், இறைச்சிக்குச் சாறு வைக்கிறது. நான் அதை இறைச்சிக்கு ஊற்றினதைவிட எனக்கு ஊற்றினதுதான் கூட. என் கையில் யாரும் திணித்ததில்லை, பிள்ளை. ஒரே சாடியிலிருந்துதான் நாங்கள் எல்லோரும் ஊற்றினோம்.

உனக்கு ஒன்பது வயதில், நீச்சல் வகுப்பிலிருந்து உன்னை நான் கூட்டிவந்த நாள். மாசி மாதம், பின்னேரம் நாலு மணி. உன் தலைமயிர் ஈரமாக இருந்தது, தொப்பி போடச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் காரைக் கொண்டுபோய்ப் பனிக் குவியலில் ஏற்றினேன். யாருக்கும் காயமில்லை. ஒரு விளக்கு உடைந்தது. மிச்சத் தூரத்தை இருவரும் நடந்து வந்தோம், நீ என் கையைப் பிடித்திருந்தாய். நீதான் என்னைப் பிடித்திருந்தாய். அம்மா கதவைத் திறந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் நீ சொன்னாய்: "ரோட் வழுக்கினது அம்மா. அப்பா காரை நல்லாத்தான் ஓடினவர்."

அன்றைக்கு நான் குடியை விட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. விடவில்லை. இன்னும் ஒரு வருடம் போனது. நான் வீட்டுக்குள் வந்ததும் நீ ஓடிவந்து கட்டிப்பிடிப்பாய், முகத்தை என் ஜாக்கெட்டில் வைப்பாய், ஒரு மூச்சு இழுப்பாய். பிறகு சில நாட்களில் வீட்டுப்பாடக் கொப்பியைக் கொண்டுவருவாய், சில நாட்களில் உன் அறைக்குப் போய்விடுவாய். நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்கு விளங்க நெடுங்காலம் எடுத்தது. அடுத்த வருடம் உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்ட அன்று, உன் ஆசிரியை என்னைத் தனியாக ஒரு பக்கம் அழைத்து, சர்க்கரை வியாதியை இப்போதெல்லாம் நன்றாகக் கட்டுப்படுத்தலாம், தன் தகப்பனுக்கும் இருந்தது என்று ஆறுதல் சொன்னார். எனக்குச் சர்க்கரை இல்லை. அப்பா ஏன் பகலில் நித்திரை கொள்கிறார் என்று யாரோ கேட்டதற்கு நீ சொல்லிவைத்த மறுமொழி அது. நான் அந்த ஆசிரியைக்கு நன்றி சொன்னேன். சின்னக் கதிரைகள் போட்ட அந்த வகுப்பறையில் நின்று தலையாட்டினேன். மறுநாள் காலை போய், வேலையை விடுகிறேன் என்று தோனாத்தோவிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. தன் கித்தார்ச் சட்டங்களில் ஒன்றைத் துடைத்து, துணியில் சுற்றி என்னிடம் தந்தார். அந்த வியாழக்கிழமையே கோவிலின் நிலவறையில் நடக்கிற, குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போனேன். இன்றைக்கும் போகிறேன். பிறகு விட்பி என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை கிடைத்தது. அங்கே சாப்பாட்டோடு அப்பிள் ஜூஸ் தான் கொடுக்கிறார்கள்.

பதினேழு வருடம் இப்படிப் போன பிறகுதான், இந்த வருடம் மாசியில் உன் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். நீ வேலைக்கு மார்க்கம் நகருக்குப் போய்வருகிற கார், பற்றறி இறங்கிவிட்டது, வயரைத் தேடித் திறந்தேன். ஒரு பெட்டிக்குள் சிறிய போத்தல்கள் இருபது முப்பது, ஒவ்வொன்றிலும் ஒட்டிய சிட்டை, கூடவே ஒரு தடித்த கொப்பி. அலுவலகத்துக்காகப் பின்னேர வகுப்பு ஒன்று படிக்கிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்தாய். கொப்பியைத் திறந்து பார்த்தால் உன் படிப்பு இதுதான். பக்கம் பக்கமாக வைன். தொல்செத்தோ என்ற பெயருக்குக் கீழே, தமிழ்க் கடைக் குளிர்ப்பெட்டி நாவல்பழம் என்று எழுதியிருந்தாய். பரோலோ என்றதற்குக் கீழே தார், காய்ந்த ரோசாப்பூ, பழப்புளி கரைத்த தண்ணீர். வாசிக்க வாசிக்க எனக்கு வியப்பாக இருந்தது, இவ்வளவு நுணுக்கமாக மணக்கத் தெரிந்த பிள்ளையா என்று. பிறகு மார்சாலாப் பக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு வரி. அப்பாவின் பழைய ஜாக்கெட்.

நான் கொப்பியை இருந்த மாதிரியே வைத்து மூடினேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அதுதான் நான் செய்த பிழை. அதற்குப் பதிலாக உளவு பார்த்தேன். நீ வேலைக்குப் போன பிறகு உன் அறையைப் பார்த்தேன், குப்பைக் கூடையைப் பார்த்தேன். நீ சிரித்துக் கதைத்தால், ஏன் இவ்வளவு சிரிப்பு என்று யோசித்தேன். ஒரு சனிக்கிழமை நீ வந்து கோட்டைக் கதவடியில் கொழுவிவிட்டு மேலே போனாய். நான் போய் அதைக் கையில் எடுத்து முகத்தில் வைத்து மணந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், நீ படியில் நிற்கிறாய்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

கோட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நீ கீழே வந்து படியில் இருந்தாய். பிறகு எல்லாவற்றையும் நீயே சொன்னாய். சோதனையில் சித்தியடைந்ததை, பியெமொந்தேயில் ஒரு குடும்பத்தின் வைன் பண்ணையில் வேலை கிடைத்ததை, கம்பனியின் ஐரோப்பியக் கிளைக்குப் போகிறேன் என்று என்னிடம் பொய் சொல்லத் தீர்மானித்திருந்ததை. அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று மறித்தது தான்தான் என்றார். நான் மார்சாலாப் பக்கத்தை வாசித்ததைச் சொன்னேன். உன் மூக்கு எங்கே, யாரில் பழகினது என்று எனக்குத் தெரியும், என் குடியை மணந்து பழகின மூக்கை வைத்து நீ வாழப்போகிறாய், அதற்கு நான்தான் காரணம் என்றேன். அழுதும்விட்டேன். நீ அழவில்லை.

"எல்லாத்தையும் உங்கட ஸ்டோரியா மாத்தாதேங்கோ அப்பா. எனக்கு உது பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

எத்தனையோ வியாழக்கிழமைக் கூட்டங்களில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். என்னை இப்படி ஒருவரும் நிமிர்த்தி வைத்ததில்லை. குற்றத்தைச் சுமப்பதிலும் ஒரு பெருமை இருக்கிறது பிள்ளை. உன்னுடைய திறமையைக்கூட என் பாவத்தின் கணக்கில் எழுதப் பார்த்திருக்கிறேன். ஒருவர் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் கேட்டு முடிந்ததும் மற்றவரின் வாழ்க்கையை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். அதை நான் ஐம்பத்தெட்டு வயதில் என் வீட்டுப் படிக்கட்டடியில் கற்றேன்.

ஒரு மாதம் இருவரும் பக்குவமாக நடந்துகொண்டோம். பிறகு நான்தான் சொன்னேன், உன் வகுப்புச் சினேகிதர்களைக் கூப்பிடு, சித்தியடைந்ததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு வைப்போம், பியெமொந்தேச் சாப்பாடு, நான் சமைக்கிறேன், நீ உன் போத்தல்களைக் கொண்டுவா என்று. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்றார். பதினேழு வருடம் ஆகிவிட்டது, எனக்கு ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னேன். நல்ல தைரியமாகத்தான் சொன்னேன்.

பியெமொந்தேச் சாப்பாடு எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்றைப் பற்றி வாசித்ததும் சிரிப்பு வந்தது. பான்யா கவ்தா. உப்பிலிட்ட நெத்தலி, கை நிறைய உள்ளி, ஒலிவ் எண்ணெய், மூன்றையும் சின்ன நெருப்பில் கரைய விட்டு, சூடாக மேசையில் வைத்து, மரக்கறியைத் தோய்த்துச் சாப்பிடுவது. கடலே இல்லாத மலைநாட்டார் உப்பு நெத்தலிக்கு இப்படி உயிரை விடுகிறார்கள். மன்னாரானுக்கு நெத்தலியைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? இரண்டு தரம் உள்ளி கருகினது, மூன்றாந்தரம் சரி வந்தது. அடுத்தது தாயரின், முட்டை மஞ்சள் கருவைக் கணக்கில்லாமல் போட்டுக் குழைக்கிற மெல்லிய சேவை. நான் தோனாத்தோவின் சட்டத்தை எடுத்து வெட்டத் தொடங்கியதும் நீ தடுத்தாய். அது அப்ருட்சோக்காரர் வெட்டுவது, பியெமொந்தேயில் மாவைச் சுருட்டிக் கத்தியால்தான் வெட்ட வேண்டும் என்று. தோனாத்தோ கேட்டிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பார். கத்தியால் வெட்டினோம்.

சித்திரை மாதம், முற்றத்தில் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. உன் சினேகிதர்கள் நாலு பேர் வந்து மேசையில் இருந்தார்கள். நீ பார்பேரா என்ற வைனைத் திறந்தாய், நான் அடுப்படியில் நின்றேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகு பரோலோவைத் திறந்து அகன்ற கிளாசுகளில் ஊற்றினாய். அந்த மணம் மேசையைத் தாண்டி அடுப்படிக்கு வந்தது. நீ எழுதினது உண்மைதான், ரோசாப்பூவும் தாரும். ஆனால் எனக்கு அது மணமாக வரவில்லை, ஆளாக வந்து பக்கத்தில் நின்றது. கரண்டியைக் கீழே வைத்தேன். எனக்கு எப்போதும் ஒரு வழி தெரியும், ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டு வீட்டு நிலவறைக்குப் போய்விடுவது. நீ உள்ளே பார்த்து, எல்லாம் ஓகேயா என்று கேட்டாய்.

"இல்லைப் பிள்ளை. எனக்குக் கஷ்டமா இருக்குது. கை நடுங்குது."

இருபத்தேழு வருடத்தில் உனக்கு நான் அப்படி ஒரு வசனம் சொன்னது அதுதான் முதல் தரம். நீ பதறவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றவும் இல்லை. "சரி" என்றாய். பிறகு உன் சினேகிதர்களிடம், சாப்பாடு உள்ளே, வைன் வெளியே என்று சொல்லி, கிளாசுகளையும் போத்தல்களையும் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளித் தளத்தில் கொண்டுபோய் வைத்தாய். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. உள்ளே வந்து ஒரு வாய் பான்யா கவ்தா, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு மிடறு பரோலோ, மூக்குச் சிவக்க ஓடிவந்து திரும்ப ஒரு வாய் தாயரின். சிகரெட் பிடிக்கிறவர்களைப் போல இரண்டிரண்டு பேராகப் போய்வந்தார்கள். அவர்களில் அந்த உயரமான பெடியன், இந்த வைனுக்கு இந்த உள்ளியும் நெத்தலியும் சரிவராது என்று வெளியே நின்று சொல்ல, நீ உள்ளே நின்று, பார்பேராவோடு சாப்பிட்டிருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தாய். அம்மா ஒவ்வொரு தரமும் எழும்பிக் கதவைச் சாத்தினார், குளிர் வருகிறது என்று. நாலாந்தரம் அவரும் சிரித்துவிட்டார். என் கை நடுங்குவது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

அங்கே உன் பண்ணைக் குடும்பத்தார் தட்டு வராமல் போத்தலைத் திறக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். தோனாத்தோவின் மேசையிலும் அப்படித்தான். அந்த ஒழுங்கை விடாதே. அது மரியாதைக்காக வைத்த ஒழுங்கு மட்டும் இல்லை. வேலைக்காக ருசி பார்க்கிற நேரங்களில் துப்ப வெட்கப்படாதே. மனம் சரியில்லாத நாளில் கிளாசை எடுக்காமல் வெளியே நட. இதெல்லாம் உனக்குப் படிப்பித்திருப்பார்கள். ஆனால் நான் சொல்லப்போவதை அவர்கள் படிப்பித்திருக்க மாட்டார்கள்.

என் இரத்தம் உனக்குள் ஓடுகிறது. நீ என்னைப் போல இல்லை என்று எனக்குத் தெரியும், உன் மூக்கு உன்னுடையது, உன் கதை உன்னுடையது. ஆனாலும் ஒரு நாள், பத்து வருடம் கழித்தாவது, மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு மிஞ்சியதை நீ முடிப்பதை நீயே கண்டால், அல்லது சும்மா கேட்ட ஒருவருக்கு ஒரு சின்னப் பொய் சொன்னதைக் கண்டால், எனக்குத் தொலைபேசி எடு. அம்மாவுக்கு எடுக்க முதல் எனக்கு எடு. எங்கள் குடும்பத்தில் அந்த இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன் நான் ஒருவன்தான், அங்கிருந்து வருகிற வழி எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கமாட்டேன். அழவும் மாட்டேன், அப்படியே அழுதாலும் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுவேன். வாறன் பிள்ளை என்று மட்டும் சொல்லுவேன், சொல்லிவிட்டு வருவேன்.

அப்பா